ரோமாபுரியில் ஒரு கோல், முதுநகரில் ஒரு மீசை

கடலூர் முதுநகர் ரயிலடியில் இறங்கிப் பெட்டியைக் கீழே வைத்த பத்து நிமிஷத்துக்குள் மூன்று பேர் என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டார்கள். முதலில் போர்ட்டர். அடுத்து, வாசலில் நின்ற டிக்கெட் கலெக்டர். மூன்றாவதாக ஒரு மாட்டு வண்டிக்காரர் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பாவா தம்பி, அம்மாவா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினேன். அவர் தம் மேலுதட்டை விரலால் தடவிக் காட்டினார்.

விஷயம் மீசை. நான் பினாங்கில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்கு மீசை கிடையாது. காலையில் முகம் மழிக்கிற கையோடு அதையும் எடுத்துவிடுவோம். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடலூர்ப் பக்கத்திலோ, தாயோ தகப்பனோ தவறினால்தான் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். ஐந்து வயதில் இந்த ஊரை விட்டுப் போனவனுக்கு, தகப்பனாரும் கல்லுப்போல் இருக்கையில், இதெல்லாம் எப்படித் தெரியும்? "எங்கப்பா பினாங்கில மூணு வேளையும் நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கார் ஐயா" என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். வண்டிக்காரர் நம்பினதாகத் தெரியவில்லை.

அண்ணன் மகள் வசந்தாவின் கல்யாணத்துக்காக இரண்டு மாதம் லீவு போட்டு வந்திருந்தேன். 1960-ஆம் வருஷத்து ஆவணி அது. ரோமாபுரியில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் தணிகாசலம் அதே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். சென்னையிலிருந்து வருகிற பத்திரிகைக் கட்டுகள் அவர் கை பட்டுத்தான் ஊருக்குள் போகும். அதனால் விளையாட்டுச் செய்தியில் முதுநகருக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய மீசையும் ஸ்டேஷன் முழுக்கப் பிரசித்தம். இரண்டு பக்கமும் முறுக்கி நிற்கிற அந்த மீசைக்குப் பயந்துதான் கூட்ஸ் வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறது என்று போர்ட்டர்கள் கேலி பேசினார்கள்.

அவரை நான் பார்த்தே இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா இறந்த வருஷம் அப்பா என்னை மட்டும் தூக்கிக்கொண்டு பினாங்குக்குக் கப்பலேறினார். பன்னிரண்டு வயது அண்ணனைப் படிப்புக் கெடக்கூடாது என்று மாமா வீட்டில் விட்டார். அடுத்த வருஷம் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். வரவில்லை. பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்த பிறகு வெட்கம் வந்துவிட்டது. அப்பா எழுதிய கடிதங்களுக்கு அண்ணன் ஒரு வரி பதில் போட்டதில்லை. எனக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவார். அதில் அப்பா என்கிற வார்த்தையே இருக்காது.

முதல் நாள் சாப்பாட்டில் அண்ணி வஞ்சிரம் வறுத்து, நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். பினாங்கில் மீன் குழம்பு என்று எனக்குப் போட்டதெல்லாம் என்ன என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, அந்தத் தெம்பில், "அப்பா உங்களுக்கு ஒரு சால்வை குடுத்தனுப்பியிருக்கார்" என்றேன்.

அண்ணன் தலை நிமிரவில்லை. "அந்தாளு எனக்குச் செத்து ரொம்ப வருஷம் ஆவுது. நீ சோத்தைச் சாப்புடு" என்றார்.

பிறகு அண்ணி கல்யாணப் பத்திரிகையைக் காட்டினார். வசந்தா இன்னாரின் பேத்தி என்று ஒரு வரி வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. கேட்டாதானே? நீங்களாவது எனக்கு ஒண்ணு செய்யுங்க. கல்யாணத்துக்குள்ள மீசை விட்டுடுங்க. பாக்கறவங்க ஒரு மாதிரி கேக்கறாங்க" என்றார். என் முகம் என் இஷ்டம் என்று விறைப்பாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

காலை வேளைகள் காதர் பாய் டீக்கடையில் கழிந்தன. காதர் பாய் பினாங்கில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். என்னைக் கண்டதும் துணிப்பையில் வடிகட்டி, நாங்கள் அங்கே குடிப்பதுபோலக் கறுப்பாக ஒரு காப்பி போட்டுக் கொடுப்பார். கடையில் ரேடியோ இருந்ததால் செய்தி நேரத்துக்கு ரயில்வே ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள். அந்த மாதம் ரோமாபுரியிலிருந்து நல்ல சேதி வந்தது கொஞ்சம்தான். கால்பந்தில் ஹங்கேரியிடம் தோற்றோம், பிரான்சோடு சமன் செய்தோம், பெருவிடம் தோற்றோம். அதற்கெல்லாம் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஹாக்கி இருக்குல்ல" என்பார்கள். ஆறு ஒலிம்பிக்காகத் தங்கத்தை வேறு எவனுக்கும் விட்டுக்கொடுக்காத நாடு. அண்ணனுக்கு ஹாக்கி என்றால் சூரியன் கிழக்கே உதிப்பதுபோல் நிச்சயமான காரியம்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தி வீட்டை முறைப்படி அழைக்கச் சிதம்பரம் போனோம். ரயில் தவறிவிட்டதால் பஸ். புதுச்சத்திரம் தாண்டினதும் முன்னால் புகை கிளம்பி வண்டி நின்றது. கண்டக்டர் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு குட்டையைத் தேடிப் போனார். பினாங்கில் இப்படி நடந்தால் பிரயாணிகள் பஸ் கம்பெனியைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி, புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவோடு நடந்த ஆட்டத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஒரே ஒரு கோலு. அதுக்கும் எக்ஸ்ட்ரா டைம். நமக்கு வயசாயிடுச்சுப்பா" என்றார் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர். அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு, "ஒரு கோலு போட்டா பத்தாதா? ஜெயிச்சமா இல்லியா, அதைச் சொல்லு" என்றார். அந்த மனிதர் மீசையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சிதம்பரத்தில் ஒரு சின்ன ஓட்டலில் இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், இங்கே இடமில்லை. சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு, வடக்கு வீதிப் பக்கம் சம்பந்தி வீட்டுக்கு நடந்தோம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் உலகநாதன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும்போதுகூட அட்டென்ஷனில் இருப்பதுபோல் உட்காருவார். கூடத்தில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹாக்கி மட்டை மாட்டியிருந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அவரும் அண்ணனும் கல்யாண விஷயம் பேசியது கால் மணி, ஹாக்கி பேசியது முக்கால் மணி.

கடைசியில் அவர் பத்திரிகையைக் கையில் எடுத்தார். "பெனாங்குல பெரியவரு இருக்காருன்னு சொன்னீங்களே? பேரு காணோமே?"

"விட்டுப்போச்சுங்க" என்றார் அண்ணன்.

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "தம்பிக்கு மீசை...?"

"பினாங்கில இதுதாங்க நாகரிகம்" என்றேன். அவர் அண்ணனின் மீசையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சமாதானமடைந்தவர்போல் வெற்றிலைத் தட்டை நகர்த்தினார்.

புதன்கிழமை காலை முதல் அடி விழுந்தது. நானூறு மீட்டர் ஓட்டத்தில் நம் சீக்கிய ஓட்டக்காரர் பதக்கம் வாங்கிவிட்டார் என்றே முடிவு செய்து காதர் பாய் முதல்நாளே எல்லாருக்கும் இனிப்பு வைத்திருந்தார். நாலாவதாக வந்தார் என்று ரேடியோ சொன்னது. கடையில் ஒருத்தர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார். வியாழக்கிழமை காலை, அரையிறுதியில் இங்கிலாந்துக்காரர்களை ஒரு கோலில் வென்றோம் என்ற சேதி வந்தபோது சந்தோஷப்படவே எல்லாருக்கும் பயமாக இருந்தது.

அப்போதுதான் ராஜவேலு வாயைத் திறந்தான். ராஜவேலு அண்ணியின் தம்பி, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் சொல்ல வந்தவனுக்கு அண்ணனைச் சீண்டாமல் போனால் சாப்பிட்டது செரிக்காது.

"மாமா, ஒரு கோலு ஒரு கோலா அடிச்சுக்கிட்டு வராங்க. வெள்ளிக்கிழமை பாகிஸ்தான்காரன் நம்மள மடக்கிடுவான் பாருங்க."

"போடா மச்சான். கரும்பு நசுக்கறவனுக்கு ஹாக்கி என்னாடா தெரியும்?"

"தோத்துட்டா?"

"தோத்துட்டா இந்த மீசைய எடுத்துட்டு நிக்கறேன்."

"யோவ், எல்லாரும் கேட்டுக்குங்கய்யா! மாமா வாக்கு குடுத்துட்டாரு!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தோற்க மாட்டோம் என்பதுதான் அந்தச் சிரிப்பு.

சனிக்கிழமை காலை அண்ணன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஸ்டேஷனுக்குப் போய், வந்த கட்டைப் பிரித்துப் பத்திரிகையைப் பார்த்துவிட்டார். அதில் இறுதி ஆட்டம் நடக்கப் போகிறது என்றுதான் இருந்தது. எனக்கு அது ஆச்சரியமில்லை. எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான். வெளியூர்ப் பிரதிகளை வண்டிக்காக முன்னாலேயே அடித்து அனுப்பிவிடுவோம். பிறகு நடப்பது மறுநாள்தான் அவர்களுக்கு அச்சில் கிடைக்கும். அண்ணன் நேரே காதர் பாய் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

ரேடியோச் செய்தியின் கடைசியில் அதைச் சொன்னார்கள். பாகிஸ்தானுக்கு ஒரு கோல். நமக்கு ஒன்றும் இல்லை.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. காதர் பாய் பார்த்துக்கொண்டே நின்றார். "யா அல்லா, நம்ம தோத்துட்டோம்" என்று அவர் சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கு உறைத்தது. அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். ஸ்டேஷனுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ராஜவேலு ஊரிலேயே இல்லை. வாக்கைக் கேட்க ஆளில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து வாக்குத் தவறுகிறவர் அண்ணன் இல்லை என்பதை இருபத்தெட்டு வருஷம் பார்க்காத எனக்கு யார் சொல்வது?

சலூனில் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, "மீசைய எடுத்துடு" என்று மட்டும் சொன்னாராம். இந்தப் பக்கத்தில் அப்படி ஒருவர் சொன்னால் சலூன்காரர் காரணம் கேட்க மாட்டார். கேட்பது மரியாதை இல்லை. அவர் பேசாமல் கத்தியைத் தீட்டி, பேசாமல் எடுத்து, கும்பிட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த முறைக்குக் காத்திருந்தவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். டிரில் மாஸ்டர் சம்சாரத்துக்குச் சொந்தம். அன்றைக்கே சிதம்பரம் போக வேண்டியவர்.

வீட்டுக்குள் நுழைந்த அண்ணனைப் பார்த்து அண்ணி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன.

"கல்யாணத்துக்கு நாலு நாள் வச்சுக்கிட்டு எந்த மனுஷனாவது இப்படிச் செய்வானா? பாக்கறவன் என்னா நெனைப்பான்?"

"வாக்கு குடுத்துட்டேன்" என்றார் அண்ணன். அந்த முகம் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. மீசை போனதும் அப்பாவின் முகம் அப்படியே வெளியே வந்துவிட்டது.

யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று அண்ணி தெருக்கதவைச் சாத்தினார். நாடகக் கம்பெனியில் ஒட்டு மீசை கிடைக்குமா என்று விசாரிக்க ராஜவேலுவுக்கு ஆள் அனுப்பினார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இப்போது தள்ளி நின்று யோசித்தால், கல்யாண வீட்டில் பட்டப்பகலில் கதவு சாத்தி, வீட்டுக்காரர் முகத்தை மூடிப் படுத்திருந்தால் அந்த வீட்டைப் பற்றி ஊர் வேறு என்னதான் நினைக்க முடியும்?

பிற்பகல் நாலு மணி இருக்கும். தெருவில் திடீரென்று ஒப்பாரி கேட்டது. "கடல் தாண்டிப் போனவரே, கண்ணால காணாமக் கண்மூடிப் போனீரே" என்று மூன்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு எங்கள் வாசலை நோக்கி வந்தார்கள். பின்னால் டிரில் மாஸ்டர், கையில் ரோஜா மாலை. அண்ணி கதவைத் திறந்தார். துக்கத்துக்கு வந்தவர்களைத் தடுத்து நிறுத்துவது இங்கே வழக்கமில்லை. அவர்கள் கட்டிப்பிடித்தால் கூடச் சேர்ந்து அழுதுவிட்டுத்தான் பேச்சு. அவர்கள் கட்டிப்பிடித்தார்கள், அண்ணியும் பழக்கத்தில் ஓவென்று அழுதார். ஒரு நிமிஷம் முழுசாக அழுத பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"ஆமா, யாரு செத்தாங்க? எதுக்கு அழுவுறோம்?"

அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய மொழுமொழு முகத்தைக் கண்டதும் பெண்களின் அழுகை இரண்டு மடங்காகியது. மாஸ்டர் மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்தார்.

"மனசத் தேத்திக்குங்க சம்பந்தி. பெனாங்குல பெரியவரு தவறிட்டாருன்னு சேதி வந்துச்சு. நல்ல சாவுதான். ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அண்ணன் "என்னா இது" என்று சிரிப்பார், அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"டேய், அப்பாவாடா?"

நான் கையிலிருந்த மாலையைக் குனிந்து பார்த்தேன்.

"கல்யாணம் முடியட்டும்னு எங்கிட்ட மறைச்சிட்டியாடா? நீ வந்த அன்னிக்கே மீசை இல்லாமதான வந்தே?"

தன்னுடைய மீசையால் கிளம்பிய வதந்தி ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அதை முதலில் நம்பினவர் அவர்தான். அந்தாளு செத்து ரொம்ப வருஷம் ஆகிறது என்று சொன்ன அதே மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு தடவ பாத்திருக்கலாமே, ஒரு தடவ" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து, வசந்தா மேல் சத்தியம் செய்தேன். அப்பா உயிரோடு இருக்கிறார், என் மீசை வெறும் சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை என்றேன். சொல்லும்போதே கணக்குப் போட்டேன். நான் கப்பலேறி மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு எழுபது வயது. இருக்கிறார் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறேன்?

மாஸ்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். "அப்ப மீசைய எதுக்கு எடுத்தீங்க?"

"ஹாக்கியில தோத்துட்டோம்ங்க. பந்தயம்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "அன்னிக்கு பெனாங்கு நாகரிகம்னு சொன்னீங்க. இன்னிக்கு ஹாக்கியா? பத்திரிகையில பெரியவரு பேரு இல்ல. தம்பிக்கு மீசை இல்ல. இப்ப அண்ணனுக்கும் இல்ல. கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் என்னா பச்சக் கொழந்தையா?" சட்டைப் பையிலிருந்து அன்றைய பத்திரிகையை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "படிங்க. இனிமேதான் ஆட்டமே. முப்பது வருஷம் பசங்களுக்கு ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக்குடுத்தவன் நான். சாவ மறைச்சதக்கூட மன்னிச்சிடுவேன். தீட்டோட தாலி கட்டச் சொல்றதக்கூட பொறுத்துக்குவேன். நம்ம ஹாக்கி தோத்துச்சுன்னு எங்கிட்டயே பொய் சொல்றீங்க பாருங்க, அதப் பொறுக்க மாட்டேன். கல்யாணம் நிக்கட்டும்."

உள்ளே வசந்தா அழுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து ராஜவேலு ஒட்டு மீசையோடு வந்து சேர்ந்தான். அண்ணனைக் கண்டதும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ மாமா, நான் வெளையாட்டுக்குத்தான சொன்னேன்!" என்று அலறினான். மாஸ்டர் அவன் கையிலிருந்த ஒட்டு மீசையைப் பார்த்தார். "இது வேறயா?" என்றார். எங்கள் கடைசிச் சாட்சியும் கெட்டது.

வெளியூர்ப் பதிப்பு, வண்டி நேரம் என்று நான் எவ்வளவோ விளக்கினேன். "சாயங்காலம் ரேடியோவுல செய்தி இருக்கு. ரேடியோ பொய் சொல்லாது இல்லீங்களா?" என்று கெஞ்சினேன். மாஸ்டர் நீட்டிய பத்திரிகையை மடித்துக்கொண்டு, "ரேடியோ சொன்னா நம்பறேன்" என்றார்.

அண்ணன் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "தந்தி ஆபீசுக்கு வா" என்றார். மகளின் கல்யாணம் வாசலில் தொங்கிக்கொண்டிருக்க, தந்தி ஆபீஸ் வரைக்கும் வேகமாக நடந்தார். நான் எழுதுகிறேன் என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தாமே எழுதினார். அப்பா, உங்கள் உடல்நிலையை உடனே தெரிவிக்கவும், தணிகாசலம். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அப்பாவுக்கு எழுதியது அவ்வளவுதான். முதல் வார்த்தையை எழுதுவதற்குள் இரண்டு தந்திப் பாரத்தைக் கசக்கிப்போட்டார்.

மாலைச் செய்திக்குக் காதர் பாய் கடையில் நிற்க இடமில்லை. சம்பந்தி வீட்டுப் பெண்கள்கூடத் தெரு ஓரத்தில் நின்றார்கள். பாய் மாஸ்டருக்கு நாற்காலி போட்டார்; அவர் உட்காராமல் நிமிர்ந்து நின்றார். ரேடியோ சூடேறிக் குரல் வர நேரம் ஆயிற்று. முதலில் டில்லி, பிறகு காங்கோ, பிறகு எங்கேயோ வெள்ளம். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். என் ஜென்மத்தில் ஒரு தோல்விச் செய்திக்காக நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

சொன்னார்கள். பாகிஸ்தான் ஒன்று, இந்தியா பூஜ்யம்.

அண்ணி "அப்பாடி" என்றுவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். காதர் பாயும் நானும் மாஸ்டரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தோம். அவர் முன்னால் வைத்த டீ ஆறிப்போயிற்று. முப்பது வருஷம் பையன்களை வெயிலில் நிறுத்தி வைத்தவர், அத்தனை பேர் பார்க்க, குழந்தைபோல் விசும்பினார். அப்புறம் அண்ணனின் கையைத் தேடிப் பிடித்தார்.

"சம்பந்தி, நான் துக்கம் விசாரிக்க வந்தது தப்பில்ல. நம்ம வூட்டு துக்கம்தான்."

என் கையில் மாலை இன்னும் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் காதர் பாயின் ரேடியோ மேல் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பினாங்கிலிருந்து பதில் தந்தி வந்தது. நலம், பேத்திக்கு ஆசீர்வாதம், அப்பா. அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கே மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துவைத்து, விட்டுப்போன இடத்தில் அப்பாவின் பெயரை ஒவ்வொன்றிலும் மசியால் எழுதினார். அதற்கு முந்தின நாள், எத்தியோப்பியாக்காரர் ஒருவர் வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் ஜெயித்த அதிசயத்தை ரேடியோ சொன்னபோது முதுநகரில் அதைக் கேட்கக்கூட ஒருவருக்கும் தெம்பில்லை. புதன்கிழமை கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது அண்ணன் மூக்குக்குக் கீழே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதால் ஆனந்தக் கண்ணீர் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். டிரில் மாஸ்டர் விருந்தில் பாயசம் தொடவில்லை.

நான் திரும்புகிற நாளில் அண்ணன் ரயிலடிக்கு வந்தார். அவருடைய உதட்டுக்கு மேல் எறும்பு வரிசைபோலக் கொஞ்சம் முளைத்திருந்தது. எனக்கும் முளைத்திருந்தது, அண்ணி மறுபடி சொல்லாமலே விட்டிருந்தேன். அப்பாவுக்கு என்று ஒரு பொட்டலத்தை என் பெட்டி மேல் வைத்தார். அந்த மீன் குழம்புக்கு அண்ணி அரைக்கிற மிளகாய்த்தூள். வண்டி ஊதிற்று. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு அடி நடந்தார்.

"அப்பாவ இங்க கூட்டிக்கிட்டு வா. ஆனா உடனே வேணாம், மூணு மாசம் போவட்டும். அவரு உசுரோட இருக்கறப்ப, மீசை வளராத இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு முன்னாடி நான் நிக்க மாட்டேன்."